பெரிய டிவி வாங்கப் போறீங்களா? கடைக்குப் போகும் முன் ஹாலை ஒருமுறை அளந்துடுங்க

கடையில் வரிசையாக மாட்டியிருக்கும் டிவிகளுக்கு நடுவே 65 இன்ச் அவ்வளவு பெரிதாகத் தெரியாது. பக்கத்திலேயே 85 இன்ச் ஓடிக்கொண்டிருக்கும். கூரை உயரம், சுவர் அகலம், சுற்றிலும் பளிச்சென்று விளக்கு. திரையில் பஞ்சவர்ணக் கிளி, கடலுக்கடியில் மீன், இரவில் ஒளிரும் ஏதோ ஒரு நகரம். "சார், வாங்குறது வாங்குறீங்க, 75ஆவே எடுத்துடுங்க. இஎம்ஐ மாசம் கொஞ்சம்தான் கூட வரும்" என்பார் விற்பனையாளர்.

மூன்று நாள் கழித்து அதே டிவி வீட்டுக்கு வரும். ஹால் பத்துக்குப் பதினான்கு அடி. எதிரே பால்கனி வெளிச்சம். கிளிக்குப் பதிலாக இரவு எட்டு மணி சீரியல். முகமெல்லாம் மெழுகு பூசியது போல, எழுத்தெல்லாம் கலங்கினாற்போலத் தெரியும். "கடையில பார்த்தப்போ இப்படி இல்லையே" என்ற பேச்சு அப்போதுதான் தொடங்கும்.

டிவியில் பெரும்பாலும் கோளாறு இருக்காது. கடையில் பார்த்தது வேறு அறை, வேறு வெளிச்சம், வேறு படம். லட்ச ரூபாயை நெருங்கும் ஒரு பொருளை நம் வீட்டில் அது எப்படித் தெரியும் என்று கணக்குப் போடாமலே வாங்கிவிடுகிறோம். அந்தக் கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை. ஒரு இன்ச் டேப் இருந்தால் போதும்.

விலை குறைந்தது உண்மைதான், ஆனால்...

2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. 32 இன்ச் வரையிலான டிவிகள் முன்பே 18 சதவீதத்தில்தான் இருந்தன. அதனால் பெரிய திரை பக்கம் மக்கள் பார்வை திரும்பியதில் வியப்பில்லை.

வரி 10 புள்ளி குறைந்தால் விலையும் 10 சதவீதம் குறையும் என்று நினைத்துவிட வேண்டாம். வரிக்கு முந்தைய விலை 50,000 ரூபாய் என்றால் முன்பு 64,000, இப்போது 59,000. குறைவது எட்டு சதவீதத்துக்கும் சற்றுக் கீழே. அந்த 5,000 ரூபாயை அடுத்த அளவு டிவிக்குப் போடுவதா, ஒலிக்குப் போடுவதா என்பது பின்னால் வரும்.

'நோ-காஸ்ட்' இஎம்ஐயிலும் ஒரு சின்னக் கணக்கு உண்டு. வட்டிக்குச் சமமான தொகையைத் தள்ளுபடியாகக் கொடுத்துவிட்டுத்தான் வட்டியே இல்லை என்கிறார்கள். கிரெடிட் கார்டில் எடுத்தால் அந்த வட்டியின் மீது ஜிஎஸ்டியும், பல நேரம் பிராசசிங் கட்டணமும் தனியாக வரும். பெரிய தொகை இல்லை. ஆனாலும் மொத்தப் பணமாகக் கட்டினால் விலை எவ்வளவு என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

உங்கள் ஹாலுக்கு எத்தனை இன்ச்?

இன்ச் கணக்கு திரையின் மூலைக்கு மூலை அளவு. 55 இன்ச் திரை கிட்டத்தட்ட 122 செ.மீ. அகலம், 68 செ.மீ. உயரம். 65 இன்ச் என்றால் 144க்கு 81. 75 இன்ச் 166க்கு 93. 85 இன்ச் 188க்கு 106, அதாவது அகலத்தில் ஒரு ஆள் படுக்கலாம். பெயரில் 10 இன்ச்தான் வித்தியாசம், ஆனால் 55இலிருந்து 65க்குப் போனால் திரையின் பரப்பு 40 சதவீதம் கூடிவிடும்.

இனி தூரம். திரை நம் பார்வையில் 30 டிகிரி அகலத்தை அடைத்தால் அது சாதாரணமாக டிவி பார்க்க வசதியான அளவு. 40 டிகிரியை அடைத்தால் தியேட்டரின் நடு வரிசையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். இந்த இரண்டு எல்லைகளையும் அடியில் சொன்னால், 55 இன்ச்சுக்கு ஐந்தரை முதல் ஏழரை அடி. 65 இன்ச்சுக்கு ஆறரை முதல் ஒன்பது அடி. 75 இன்ச்சுக்கு ஏழரை முதல் பத்து அடி. 85 இன்ச்சுக்கு எட்டரை முதல் பதினொன்றரை அடி.

இங்கே பலரும் செய்யும் தவறு, சுவரிலிருந்து சுவருக்கு அளப்பது. அளக்க வேண்டியது கண்ணிலிருந்து திரைக்கு. பத்து அடி அகல ஹாலில் சோபாவின் முதுகு, சாய்ந்து உட்காரும் இடம், டிவி சுவரிலிருந்து முன்னால் நிற்கும் நாலைந்து இன்ச் எல்லாவற்றையும் கழித்தால் மிஞ்சுவது எட்டு அடிதான். அதே ஹாலின் குட்டைச் சுவரில் டிவியை மாட்டி நீளவாக்கில் உட்கார்ந்தால் பன்னிரண்டு அடி கிடைக்கும். ஒரே வீடு, ஒரே ஹால், சுவரை மாற்றினால் வாங்க வேண்டிய டிவியே மாறிவிடுகிறது.

கடைக்குப் போகும் முன் செய்யக்கூடிய ஒரு வேலை: சுவரில் செலோ டேப்பால் 144க்கு 81 செ.மீ. ஒரு கட்டம் ஒட்டுங்கள். அதற்கு வெளியே 166க்கு 93 இன்னொரு கட்டம். இரண்டு நாள் அப்படியே விட்டுவிட்டு, தினமும் உட்காரும் இடத்திலிருந்து பாருங்கள். வீட்டில் எல்லோரும் பார்க்கட்டும். ஷோரூமில் அரை மணி நேரம் நிற்பதைவிட இந்தக் கட்டம் அதிகம் சொல்லிக்கொடுக்கும்.

சினிமா ரசிகர்கள் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். டிவியின் அகலம் உயரத்தைப் போல 1.78 மடங்கு. நம் படங்களில் பெரும்பாலானவை ஸ்கோப், அதாவது சுமார் 2.39 மடங்கு. அதனால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். திரையில் கால் பங்கு அதற்கே போய்விடும். 65 இன்ச் டிவியின் 81 செ.மீ. உயரத்தில் படத்துக்குக் கிடைப்பது 60 செ.மீ. ஒரு 50 இன்ச் டிவியின் முழு உயரத்தைவிடவும் குறைவு. படம் பார்க்கத்தான் டிவி என்று உறுதியாகத் தெரிந்தால், சந்தேகம் வரும்போது ஒரு படி பெரிதாகப் போவதில் தப்பில்லை.

வீட்டில் உண்மையில் என்ன ஓடுகிறது?

இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்னால் பாதி முடிவு வந்துவிடும். வாரத்தில் ஒரு படம், மற்ற நேரமெல்லாம் சீரியல், செய்தி, பழைய பாட்டு என்று ஓடும் வீடுகள்தான் நம் ஊரில் அதிகம்.

4கே திரையில் 3840க்கு 2160 என்று சுமார் 83 லட்சம் புள்ளிகள் இருக்கும். சாதாரண எஸ்டி சேனலின் படத்தில் இருப்பது 720க்கு 576, அதாவது நான்கு லட்சத்துச் சொச்சம். இருபது புள்ளிகளில் பத்தொன்பதை டிவியே ஊகித்து நிரப்ப வேண்டியிருக்கிறது. மெழுகு முகத்துக்குக் காரணம் இதுதான். 14 இன்ச் பெட்டியில் அந்தக் குறை தெரியாது. 2006இல் தமிழ்நாடு அரசு வீடு வீடாகக் கொடுத்த இலவச கலர் டிவி அந்த அளவுதான். 75 இன்ச்சில் அதே படம் நார் நாராகத் தெரியும்.

எனவே டிவியோடு சேர்த்து ஹெச்டி பேக்குக்கும் ஒரு தொகை ஒதுக்குங்கள். அதைவிட முக்கியம் ஒன்று உண்டு. பல வீடுகளில் ஹெச்டி செட்டாப் பாக்ஸை இன்னும் மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனையுள்ள பழைய ஏவி கேபிளில் செருகியிருப்பார்கள். அந்தக் கேபிளில் ஹெச்டி படம் வரவே வராது. ஹெச்டிஎம்ஐ கேபிளுக்கு மாற்றிவிட்டு, பாக்ஸின் செட்டிங்கில் படத்தின் அளவை 16:9 என்றும் 1080 என்றும் வைத்தால் போதும். சில நூறு ரூபாய் வேலை. சில சமயம் புது டிவி வாங்கும் யோசனையையே தள்ளிப்போட வைக்கும்.

ஓடிடி பக்கம் வந்தால் நெட்ஃபிளிக்ஸ் தன் 4கே படங்களுக்கு விநாடிக்கு 15 மெகாபிட்டாவது இணைய வேகம் வேண்டும் என்கிறது. மணிக்கு 7 ஜிபி வரை டேட்டா போகும். அதற்கான பிளானும் மேல்தட்டு பிளான்தான். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் 4கே பார்க்கலாம் என்ற எண்ணம் இருந்தால் மதியத்துக்குள் அன்றைய டேட்டா தீர்ந்துவிடும்.

8கே பற்றிக் கடையில் யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகரலாம். சாதாரணப் பார்வை உள்ளவருக்கு 65 இன்ச்சில் எட்டரை அடிக்கு அப்பால் ஃபுல் ஹெச்டிக்கும் 4கேவுக்குமே புள்ளி வித்தியாசம் பிடிபடாது. 8கேவின் பலன் தெரிய வேண்டுமானால் திரையிலிருந்து நாலு அடிக்குள் உட்கார வேண்டும்.

கியூஎல்இடி, மினி எல்இடி, ஓஎல்இடி: எதை எடுப்பது?

பெயர்கள் குழப்பும், விஷயம் எளிது. சாதாரண எல்இடி டிவியில் பின்னால் விளக்கு, முன்னால் அதை மறைத்தும் திறந்தும் படம் காட்டும் எல்சிடி. கியூஎல்இடியும் அதுவேதான், நிறத்தைச் சுத்தமாக்க குவான்டம் டாட் அடுக்கு ஒன்று கூடுதலாக இருக்கும். மினி எல்இடியில் பின்விளக்குகள் மிகச் சிறியவை, எண்ணிக்கையில் அதிகம். பகுதி பகுதியாக அணைத்து எரிய விடலாம். அதனால் இருட்டுக் காட்சியில் கறுப்பு கறுப்பாகவே இருக்கும். ஓஎல்இடியில் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், தானே அணையும்.

இருட்டறையில் படம் பார்ப்பவருக்கு ஓஎல்இடிக்கு இணை இல்லை. ஆனால் பகலில் ஜன்னலைத் திறந்து வைத்து, மின்விசிறி ஓட, வாசல் கதவு திறந்தே கிடக்கும் ஹாலுக்கு வெளிச்சம் அதிகம் தரும் மினி எல்இடிதான் பொருத்தம். விலையிலும் பெரும்பாலும் கீழே நிற்கும்.

ஓஎல்இடியில் இன்னொரு சிக்கல் உண்டு. அசையாத ஒரே படம் மாதக்கணக்கில் தினமும் பல மணி நேரம் அதே இடத்தில் நின்றால் அதன் தடம் திரையில் பதிந்துபோகலாம். சேனல் லோகோ, கீழே ஓடும் செய்திப் பட்டை, கிரிக்கெட் ஸ்கோர் பெட்டி இவையெல்லாம் அந்த வகை. காலை முதல் இரவு வரை செய்தி சேனல் ஓடும் வீட்டுக்கு ஓஎல்இடி வேண்டாம் என்பதைச் செய்தி சேனலின் பக்கத்திலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

ஓஎல்இடி வாங்கிய வீடுகளில் மாற வேண்டிய பழக்கமும் ஒன்று இருக்கிறது. படுக்கப் போகும்போது பிளக் சுவிட்சையும் சேர்த்து அணைப்பது நமக்குக் கைவந்த வழக்கம். பல ஓஎல்இடி டிவிகள் ரிமோட்டில் அணைத்த பிறகு, ஸ்டாண்ட்பை நிலையில்தான் புள்ளிகளைச் சரிசெய்யும் வேலையைத் தாமாகச் செய்கின்றன. தினமும் உடனே சுவிட்சை அணைத்தால் அந்த வேலை நடக்காது.

'ஹெச்டிஆர்' என்ற ஸ்டிக்கரை மட்டும் நம்ப வேண்டாம். ஹெச்டிஆர் படத்தை ஏற்றுக்கொள்வது வேறு, அதற்கேற்ற வெளிச்சம் தருவது வேறு. மலிவான 4கே டிவிகள் பலவற்றில் முதல் பாதிதான் உண்டு. பகுதி பகுதியாக அணையும் பின்விளக்கு, அதாவது லோக்கல் டிம்மிங் இருக்கிறதா என்று கேளுங்கள். ஓரத்தில் உட்கார்ந்து பார்ப்பவர்கள் வீட்டில் அதிகமா? கடையில் டிவிக்கு நேராக மட்டும் நிற்காமல் பக்கவாட்டில் நாலு அடி தள்ளி நின்று பாருங்கள். சில பேனல்களில் நிறம் வெளுத்துவிடும்.

முடிந்தால் ஒரு பென்டிரைவில் உங்களுக்குப் பழக்கமான படத்தின் இருட்டுக் காட்சி ஒன்றை எடுத்துப் போங்கள். "இதைக் கொஞ்சம் போட்டுக் காட்டுங்கண்ணா" என்றால் பெரும்பாலான கடைகளில் போட்டுக் காட்டுவார்கள். கிளி எல்லா டிவியிலும் அழகாகத்தான் இருக்கும்.

லிஃப்ட்டில் ஏறுமா?

75, 85 இன்ச் வாங்குபவர்கள் கடைசியில் நினைக்கும் விஷயம் இது. முதலில் நினைக்க வேண்டியது. 85 இன்ச் டிவியின் அட்டைப்பெட்டி இரண்டு மீட்டருக்கும் மேல் நீளம் இருக்கும். அதைப் படுக்க வைக்கக் கூடாது, நிமிர்த்தித்தான் கொண்டுபோக வேண்டும். அபார்ட்மென்ட் லிஃப்ட்டின் உள்ளளவு, படிக்கட்டு திரும்பும் இடம், வீட்டு வாசலுக்கு முன்னால் இருக்கும் நடை, இவற்றை அளந்துவிட்டு பெட்டியின் அளவைக் கடையில் கேளுங்கள். மூன்றாவது மாடி வரை வந்த டிவி திருப்பத்தில் மாட்டிக்கொண்டு கீழே இறங்கினால் மனசு விட்டுப்போகும்.

சுவரும் முக்கியம். செங்கல் சுவரோ கான்கிரீட்டோ என்றால் கவலையில்லை. இப்போதைய அடுக்குமாடிகளில் எடை குறைந்த ஏஏசி பிளாக், ஹாலோ பிளாக் சுவர்கள் அதிகம். ஜிப்சம் போர்டு தடுப்பும் உண்டு. அவற்றில் சாதாரண பிளாஸ்டிக் பிளக் வைத்து 30 கிலோ டிவியைத் தொங்கவிடுவது ஆபத்து. அந்தச் சுவருக்கான ஆங்கர் தனியாகக் கிடைக்கும். மாட்ட வருபவரிடம் சுவர் எதனால் ஆனது என்று முன்கூட்டியே சொன்னால் கையோடு கொண்டுவருவார்.

வாடகை வீட்டில் ஆணி அடிக்கவே ஓனர் விடமாட்டார் என்றால் மேஜைதான். பெரிய டிவிகளில் கால்கள் நடுவில் இல்லாமல் இரண்டு ஓரத்திலும் இருப்பது சகஜம். பழைய ஷோகேஸ் மேல் ஒரு கால் மட்டும் ஏறி, இன்னொரு கால் அந்தரத்தில் நிற்கும். கால்களுக்கு இடையே எவ்வளவு என்று வாங்கும் முன் கேட்டுவிடுங்கள்.

சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் மேஜை மேல் வெறுமனே நிறுத்திய பெரிய டிவி உண்மையான ஆபத்து. குழந்தை மேஜையின் இழுப்பறையைப் பிடித்து ஏறினாலோ, திரையைப் பிடித்து நின்றாலோ இருபது கிலோவுக்கு மேல் எடையுள்ள டிவி அப்படியே முன்னால் சாயும். டிவியின் பின்புறத்தை சுவரோடோ மேஜையோடோ இழுத்துக் கட்டும் பட்டை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ரிமோட்டையும் விளையாட்டுப் பொருட்களையும் டிவி மேஜையில் வைக்காமல் இருந்தாலே குழந்தை அந்தப் பக்கம் ஏறுவது குறையும்.

உயரத்தில் நம் வீடுகள் செய்யும் தவறு, டிவியை சாமி படம் போல மேலே மாட்டுவது. திரையின் நடுப்பகுதி உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்துக்கு வர வேண்டும். சோபாவில் உட்கார்ந்தால் அது தரையிலிருந்து சுமார் 100 செ.மீ. பாய் விரித்துத் தரையில் உட்கார்ந்து பார்க்கும் வீடென்றால் இன்னும் கீழே. இரண்டு மணி நேரப் படத்துக்குக் கழுத்தை நிமிர்த்தி வைத்திருந்தால் வலி டிவியால் வந்தது என்றே தெரியாது. மேலே ஸ்பிளிட் ஏசி இருக்கும் சுவரில் அதற்கு நேர் கீழே மாட்டவே வேண்டாம். ஏசியின் தண்ணீர் குழாய் என்றாவது அடைத்துக்கொண்டால் முதலில் நனைவது டிவிதான்.

பெட்டியைப் பிரிக்கும் முன்

ஆன்லைனில் வாங்கினால் கம்பெனி ஆள் வரும் வரை பெட்டியைத் திறக்காமல் இருப்பது பாதுகாப்பு. திறக்கும்போது ஆரம்பத்திலிருந்தே போனில் வீடியோ எடுங்கள். பெட்டியின் மூலைகளில் நசுங்கல் இருந்தால் அதையும் சேர்த்து. காரணம், பேனலில் விரிசல் என்பது வாரன்டிக்குள் வராது. அது வரும்போதே உடைந்திருந்ததா, வீட்டில் உடைந்ததா என்ற வாக்குவாதத்தில் கையில் இருக்க வேண்டிய ஒரே ஆதாரம் அந்த வீடியோதான்.

பேனல் போனால் மாற்றும் செலவு பல நேரம் டிவி விலையில் பாதியைத் தாண்டும். கடையில் 'எக்ஸ்டென்டட் வாரன்டி' என்று விற்பார்கள். அதில் எதிர்பாராத உடைவு அடங்குமா, வெறும் எலக்ட்ரானிக் கோளாறு மட்டுமா என்று படித்துப் பாருங்கள். வீட்டுக்குள் பிளாஸ்டிக் பந்தில் கிரிக்கெட் ஆடும் பிள்ளைகள் இருந்தால் உடைவுக்கான காப்பு வீண் செலவல்ல.

முதல் நாளே மாற்ற வேண்டிய செட்டிங்

டிவியை முதலில் ஆன் செய்யும்போது 'ஸ்டோரா, ஹோமா' என்று கேட்கும். அவசரத்தில் ஸ்டோர் என்று அழுத்திவிட்டால் அது கடையில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு முழு வெளிச்சத்தில் ஓடும். கரன்ட்டும் அதிகம் இழுக்கும்.

அடுத்து, 'விவிட்' அல்லது 'டைனமிக்' என்ற படமுறையிலிருந்து 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' முறைக்கு மாற்றுங்கள். முதல் பத்து நிமிடம் எல்லாம் மஞ்சளடித்தது போல, மங்கலாகத் தோன்றும். வீட்டில் யாராவது "என்ன இப்படி ஆயிடுச்சு" என்பார்கள். கண் பழகட்டும். ஒரு வாரம் கழித்து பழைய முறைக்குத் திரும்பிப் பார்த்தால் அந்த நீலம் கண்ணைக் குத்தும்.

மூன்றாவது, மோஷன் ஸ்மூத்திங். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். சினிமா விநாடிக்கு 24 படங்களாக எடுக்கப்படுகிறது. டிவி அவற்றுக்கு இடையே தானாகவே படங்களைச் செய்து செருகி வழவழப்பாக்குகிறது. விளைவு, கோடிக்கணக்கில் செலவழித்து எடுத்த படமும் வீட்டில் எடுத்த கல்யாண வீடியோ போலத் தெரியும். நடிகர் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் 2018 டிசம்பரில் இதை அணைத்துவிடும்படி கேட்டு ஒரு வீடியோவே வெளியிட்டார்கள். கிரிக்கெட்டுக்கு வேண்டுமானால் கொஞ்சம் வைத்துக்கொள்ளலாம். படத்துக்கு வேண்டாம்.

நான்காவது அதிகம் பேர் பார்க்காத இடம்: பிரைவசி. பல ஸ்மார்ட் டிவிகள் திரையில் என்ன ஓடுகிறது என்பதை அடையாளம் கண்டு கம்பெனிக்கு அனுப்பும். செட்டாப் பாக்ஸில் ஓடுவதும் இதில் அடக்கம். அமெரிக்காவில் விஸியோ நிறுவனம், கேட்காமல் இப்படித் தகவல் சேகரித்த புகாரில் 2017இல் 22 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. 'வியூயிங் இன்ஃபர்மேஷன்' என்றோ 'கன்டென்ட் ரெகக்னிஷன்' என்றோ இருக்கும் அனுமதியை எடுத்துவிட்டால் டிவி எப்போதும்போலவே ஓடும்.

பாட்டு காதைக் கிழிக்குது, வசனம் கேட்கலையே?

மெல்லிய டிவிக்குள் நல்ல ஸ்பீக்கருக்கு இடமே இல்லை. இருப்பவையும் பெரும்பாலும் கீழ்நோக்கியோ பின்னோக்கியோ இருக்கும். அதோடு நம் ஹால்கள் டைல்ஸ் தரை, சிமென்ட் சுவர், கண்ணாடி ஷோகேஸ். ஒலி எல்லா இடத்திலும் பட்டுத் தெறிக்கும். வசனத்துக்குச் சத்தத்தைக் கூட்டுவது, சண்டைக் காட்சி வந்ததும் ரிமோட்டைத் தேடி ஓடுவது, இந்த விளையாட்டு எல்லா வீட்டிலும் நடக்கிறது.

இங்கேதான் ஜிஎஸ்டியில் மிஞ்சிய 5,000 ரூபாய் வருகிறது. ஒலியே இல்லாத 75 இன்ச்சைவிட நல்ல சவுண்ட்பாரோடு 65 இன்ச் மேல். வாங்கும்போது வசனத்துக்கென்று நடுவில் தனி ஸ்பீக்கர், அதாவது சென்டர் சேனல் இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியில் எழுதியிருக்கும் வாட் எண்ணைவிட அது உதவும். டிவியில் இ-ஆர்க் அல்லது ஆர்க் என்று எழுதிய ஹெச்டிஎம்ஐ துளை ஒன்றுதான் இருக்கும், சவுண்ட்பார் கேபிளை அதில்தான் செருக வேண்டும். வேறு துளையில் செருகிவிட்டு சத்தம் வரவில்லை என்று சர்வீஸுக்கு போன் போடுபவர்கள் நிறைய.

பின்னால் ஸ்பீக்கர் வைக்கும் 5.1 செட் வாங்க ஆசைப்பட்டால் சோபாவைப் பாருங்கள். அது பின்சுவரை ஒட்டியே கிடந்தால் பின் ஸ்பீக்கர்கள் காதுக்குப் பின்னால் போக இடமில்லை. அந்தப் பணத்துக்குத் தடித்த திரைச்சீலையும் ஒரு கம்பளமும் வாங்கிப் போட்டால் வசனம் தெளிவாவது உடனே தெரியும். அபார்ட்மென்ட்டில் சப்வூஃபரைத் தரையில் நேராக வைக்காமல் ரப்பரோ ஃபோமோ போட்டு வைத்தால் கீழ்வீட்டுக்காரரிடம் நல்ல பெயர் நிலைக்கும்.

செலவே இல்லாத வழியும் ஒன்று உண்டு. டிவி ஸ்பீக்கரில் மட்டும் கேட்பவர்கள் ஓடிடி செயலியில் ஒலியை 5.1க்குப் பதில் ஸ்டீரியோ என்று மாற்றிப் பார்க்கலாம். டிவியிலேயே 'கிளியர் வாய்ஸ்' போன்ற ஒரு முறையும் இருக்கும்.

கரன்ட், இடி, பல்லி

65 இன்ச் டிவி சராசரியாக 150 வாட் எடுப்பதாக வைத்துக்கொண்டால், தினம் ஐந்து மணி நேரத்துக்கு இரண்டு மாத பில்லில் 45 யூனிட் ஏறும். ஏசி அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் பில் ஏற்கெனவே ஒரு படியின் விளிம்பில் நிற்கும் வீட்டை இந்த 45 யூனிட் அடுத்த படிக்குத் தள்ளிவிடும். ஸ்டார் லேபிள் இருந்தால் அதில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருக்கும், நட்சத்திரத்தை எண்ணுவதைவிட அந்த எண்ணைப் பாருங்கள்.

பெரும்பாலான புது டிவிகள் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். அதனால் சாதாரண ஏற்ற இறக்கத்துக்கு ஸ்டெபிலைசர் கட்டாயமில்லை. வோல்டேஜ் அடிக்கடி எகிறும் ஊர்களில் வைத்துக்கொள்ளலாம். எல்லோருக்கும் வேண்டியது நல்ல எர்த்தும் தரமான சர்ஜ் புரொடெக்டரும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இடி இறங்கும்போது அதுவும் போதாது. பிளக்கைப் பிடுங்குங்கள், மொட்டைமாடி டிஷ்ஷிலிருந்து வரும் கேபிளையும் செட்டாப் பாக்ஸிலிருந்து கழற்றிவிடுங்கள். பலர் பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு கேபிளை மறந்துவிடுகிறார்கள்.

டிவியின் பின்புறம் காற்று போக நாலு இன்ச்சாவது இடைவெளி வேண்டும். மர பேனலுக்குள் பெட்டி போல அடைத்து மாட்டினால் சூடு வெளியேறாது. சூடான இடம் தேடி பல்லியும் எறும்பும் வரும் ஊர் நம்முடையது. சர்க்யூட் போர்டில் பல்லி மாட்டி டிவி போவது கேலிக்கதை இல்லை, டிவி மெக்கானிக் யாரைக் கேட்டாலும் சொல்வார். மாதம் ஒருமுறை பின்புறத் தூசியைத் தட்டி, உள்ளே ஏதும் குடியேறவில்லை என்று பார்த்தால் போதும்.

திரையைத் துடைக்க உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி மட்டும். கண்ணாடி துடைக்கும் திரவத்தை அடித்தால் திரையின் மேற்பூச்சு போய்விடும், வழிந்து கீழ்ச் சட்டத்துக்குள் இறங்கினால் பேனலே போகும். பிசுக்கு போகவில்லை என்றால் துணியை லேசாகத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, டிவி ஆறிய பிறகு, அழுத்தாமல் துடைக்கலாம்.

நாலைந்து வருடத்தில் டிவி மெதுவாகிவிடும். ஆப் திறக்க நேரமாகும், சில ஆப் அப்டேட்டே வராது. அப்போது டிவியை மாற்றத் தேவையில்லை. திரை நன்றாக இருந்தால் சில ஆயிரம் ரூபாய்க்கு ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் செருகினால் மறுபடி புதிதாக ஓடும்.

பழைய டிவியை என்ன செய்வது?

எக்ஸ்சேஞ்சில் போடுவதாக இருந்தால் கொடுக்கும் முன் ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். ஓடிடி கணக்கு, வைஃபை பாஸ்வேர்டு, கூகுள் கணக்கு எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. குண்டு டிவி இன்னும் பரணில் கிடந்தால் அதைத் தெருவில் உடைத்து எடுப்பவரிடம் கொடுக்க வேண்டாம். அந்தக் கண்ணாடியில் ஈயம் உண்டு. மின்கழிவு எடுக்கும் மையத்தில் சேருங்கள்.

எக்ஸ்சேஞ்சுக்கு அவர்கள் கொடுக்கும் விலை ரொம்பக் குறைவாக இருந்தால் அந்த 32 இன்ச்சை வீட்டிலேயே வைத்துக்கொள்வது பற்றியும் யோசிக்கலாம். எஸ்டி சேனல்கள் அதில்தான் தெளிவாக இருக்கும். பாட்டியின் அறையில் மாட்டி, பழைய செட்டாப் பாக்ஸைக் கொடுத்துவிட்டால், இரவு எட்டு மணிக்கு ஹால் ரிமோட்டுக்கான சண்டையும் இருக்காது.